நடுவே ஏழு படங்கள்

எங்கள் குடும்பத்தில் எனக்கு டைரக்டர் என்று பெயர். மரியாதைக்காக வைத்ததில்லை, கிண்டலுக்கு வைத்தது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வரிசையில் முண்டியடிக்கிறவர்களை அதட்டுவது என் வேலை. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் வீடியோவை வெட்டி ஒட்டுவது என் பைத்தியம். இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள்தான். 'தொடக்கக்காரர்களுக்கு' என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கும். மூன்று வருடமாக நானும் தொடக்கக்காரியாகவே இருக்கிறேன். யார் வீட்டில் கேக் வெட்டினாலும், எந்தக் குழந்தை முதல் அடி எடுத்து வைத்தாலும் எனக்கு வீடியோ வந்துவிடும். நான் அதை மெதுவாக்கி, மூலையில் ஒரு இதயத்தைப் பறக்கவிட்டு, பின்னால் இசை போட்டு அனுப்பிவைப்பேன். "நம்ம சொந்தக்காரங்க யாருமே வேகமா நடக்க மாட்டாங்க போலிருக்கு" என்பார் என் வீட்டுக்காரர்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் தம்பி வந்து நின்றான், என் வேலையைக் காப்பாத்திக் கொடு அக்கா என்று.

அவன் குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். முன்னால் இரண்டு இரும்புக் கரத்தை நீட்டிக்கொண்டு பெட்டி அடுக்குகளைத் தூக்கிப் போகுமே, அந்த வண்டி. அதைப் பின்னால் எடுக்கும்போது, அங்கே சுமை தூக்குகிற நெட்டையன்மேல் இடித்துவிட்டான். நெட்டையன் என்பது கிடங்கில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாராம். இடது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, தகடு வைத்துப் படுத்திருந்தார்.

யார்மேல் தப்பு என்பது ஒரே ஒரு விளக்கில் நின்றது. வண்டியின் பின்பக்கம் ஒரு நீல விளக்கு உண்டு. பின்னால் எடுக்கும்போது அது தானாக எரிய வேண்டும். மூன்று மாதமாக அந்த இணைப்பு கெட்டுப்போய், ஓட்டுகிறவரே முதலில் சுவிட்சைத் தட்டிவிட்டு வண்டியை எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். விளக்கு எரிந்தும் நெட்டையன் குறுக்கே வந்திருந்தால் தப்பு அவருடையது. எரியாமல் வண்டி நகர்ந்திருந்தால் தம்பியுடையது. வேலையும் போகும், வண்டி ஓட்டும் உரிமமும் போகும். நாற்பது வயதில், வேறு தொழில் தெரியாதவனுக்கு.

"சுவிட்சு போட்டியாடா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. ஒரு நாளைக்கு இருநூறு தடவை தட்டுற சுவிட்சு. அந்த ஒரு தடவை தட்டினேனா இல்லையான்னு எப்படி ஞாபகம் இருக்கும்? யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. சாப்பிட உக்காந்தா அந்தச் சத்தம்தான் கேக்குது."

ஆள் பாதியாகிவிட்டிருந்தான். சட்டை தோளில் தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

கிடங்கில் கேமரா இருந்தது. ஆனால் மகா கஞ்சக் கேமரா. இடம் மிச்சமாகட்டும் என்று நொடிக்கு இரண்டே படம் எடுக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். ஒரு படத்தில் நெட்டையன் கையில் பெட்டியோடு, வண்டிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிமிர்ந்து நிற்கிறார். வண்டி இன்னும் நகரவில்லை, விளக்கும் எரியவில்லை. அடுத்த படத்தில் பெட்டி காற்றில் இருக்கிறது, நெட்டையன் சரிந்துகொண்டிருக்கிறார், விளக்கு எரிகிறது. இரண்டுக்கும் நடுவே அரை நொடி. விசாரணைக் குழு அதைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டது. தெளிவாக்க முடிந்தால் கொண்டுவாருங்கள் என்று தம்பியிடமும் ஒரு பிரதியைக் கொடுத்திருந்தார்கள்.

தெளிவாக்குவதற்குத்தான் டைரக்டர் இருக்கிறேனே. கேக் வெட்டும் வீடியோவுக்கு என்ன செய்வேனோ அதையே செய்தேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், கூர்மையைக் கூட்டினேன், வேகத்தைக் குறைத்தேன். குறைத்ததும் படம் தவளை மாதிரித் தத்தியது. தத்துகிற படம் எனக்கு ஆகவே ஆகாது. கை தன்பாட்டுக்கு 'மிருதுவாக்கு' என்ற பொத்தானுக்குப் போனது. 'இடைவெளிகள் நிரப்பப்படுகின்றன' என்று திரையில் ஒரு பட்டை ஊர்ந்தது. நூறு தடவை பார்த்த பட்டை, நூறு தடவையும் நான் அந்த நேரத்தில் காபி போடப் போய்விடுவேன். அன்றைக்கும் போனேன். இதயம் மட்டும் பறக்கவிடவில்லை, அந்த அளவுக்கு அறிவு இருந்தது.

திரும்பி வந்து ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. நெட்டையன் நிமிர்ந்து நிற்கும்போதே விளக்கில் நீலம் மெல்லத் துளிர்த்து, ஏறி, பிரகாசமாக எரிந்தது. அதற்குப் பிறகுதான் அவர் காலை எடுத்து வைத்தார்.

என் நாற்காலியின் முதுகைத் தம்பி இறுக்கிப் பிடித்தான். "அக்கா, எரியுது."

"ஆமாடா, எரியுது."

"போட்டிருக்கேன்க்கா. நான் போட்டிருக்கேன்."

நாற்பது வயது ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதான். அன்றைக்கு என் வீட்டில் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான். வீடியோவைத் தன் கைபேசியில் ஏற்றிக்கொண்டு போனான். போகிற போக்கில் என் தலையைத் தொட்டு, "இனிமே உன்னை யாராவது கிண்டல் பண்ணட்டும், பாத்துக்கறேன்" என்றான். எனக்கும் தலைகால் புரியவில்லை. மறுநாள் மருத்துவமனையில் யாரையும் அதட்டக்கூட இல்லை.

நான்கு நாள் கழித்து விசாரணை. வீடியோவைச் செய்தவரே வந்து போட்டுக் காட்டட்டும் என்று சொல்லியிருந்தார்கள். நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

கிடங்கு அலுவலகத்தின் மாடி அறை. நீளமான மேசை, சுவரில் பெரிய திரை. மேசையின் தலைப்பக்கம் பாதுகாப்பு அதிகாரி, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்த அம்மாள். பக்கத்தில் கிடங்கு மேலாளர். எதிர்ப்பக்கம் தம்பி. அவன் மனைவி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பக்கத்து நாற்காலியில், நெட்டையனுக்குப் பதிலாக அவருடைய மனைவி. சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டேன். ஒரு தடவை, இரண்டு தடவை.

"விளக்கு எரியறப்ப அவர் நின்னுக்கிட்டுதான் இருக்கார்" என்றார் அதிகாரி.

"தெளிவா இருக்கு மேடம்" என்றார் மேலாளர். அவருக்கும் நிம்மதி. விளக்கு எரிந்துவிட்டால், கெட்டுப்போன இணைப்பைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

அதிகாரி எனக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?"

நெட்டையன் மனைவி சற்று யோசித்தார். "இன்னொரு தடவை போடச் சொல்லுங்க. ஒவ்வொண்ணா."

ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். அம்புக்குறிப் பொத்தானை ஒரு தட்டு, ஒரு படம். நெட்டையன் நிற்கிறார். ஒரு தட்டு. விளக்கில் லேசாக நீலம். இன்னொரு தட்டு.

"நிறுத்துங்க" என்றார் அவர். "அவரோட கால் எங்க?"

எல்லோரும் பார்த்தோம். பெரிய திரையில் அது நன்றாகவே தெரிந்தது. நெட்டையன் இடுப்புவரை முழுசாக இருந்தார். வலது கால் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே தரையோடு கரைந்து, சிமென்ட் நிறத்தில் ஒரு தீற்றலாக இருந்தது. பெட்டி ஒன்றுக்குப் பதில் ஒன்றரையாக இருந்தது.



இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் நாத்தனார் மகள் ஊஞ்சலில் ஆடும் வீடியோவை இதே பொத்தானால் மிருதுவாக்கியபோது, ஓரிடத்தில் குழந்தைக்கு மூன்று கால் வந்தது. வீடே விழுந்து விழுந்து சிரித்தோம். மென்பொருள் இரண்டு படத்துக்கு நடுவே தானாகப் படம் வரைந்து செருகுகிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் புத்தியில் ஏறவில்லை. ஏனென்றால் அது கேக்குக்கும் ஊஞ்சலுக்கும் செய்கிற காரியம். அதையே ஒரு மனிதன் விழுந்ததற்கும் செய்திருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது.

முதல் படத்தில் விளக்கு இருட்டு, அடுத்ததில் வெளிச்சம். மென்பொருள் என்ன செய்யும்? இரண்டுக்கும் நடுவே ஏழு படம் வரைந்து, இருட்டை வெளிச்சத்துக்குப் படிப்படியாக ஏற்றும். அது துளிர்த்து ஏறிய அழகு முழுக்க அதன் கைவேலை. விளக்கு எரிகிறது, நெட்டையன் நிற்கிறார் என்று நாங்கள் பார்த்த அத்தனை படமும் அந்த ஏழுக்குள்தான் இருந்தன. நடக்கவே நடக்காத ஏழு படம்.

"இது ஏன் இப்படி இருக்கு?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். பயமில்லாமல் பார்த்தான். அதுதான் என்னைக் கொன்றது. அக்கா பதில் சொல்வாள் என்ற தைரியத்தோடு, பள்ளிக்கூடத்தில் அவனுக்காக நான் சண்டைக்குப் போகும்போது பார்ப்பானே, அந்தப் பார்வை.

"பழைய கேமரா மேடம்" என்றேன். "ஆள் நகர்றப்ப அப்படித்தான் வரும்."

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. நான் ஒன்றும் உத்தமி இல்லை. அந்த வினாடியில் எனக்கு என் தம்பிதான் பெரிசு. படுத்திருக்கிறவர் யாரோ.

"ஆமா, கேமரா அரதப்பழசு" என்று மேலாளர் ஒத்து ஊதினார்.

நெட்டையன் மனைவி என் பக்கம் திரும்பினார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன், பிடித்திருந்தால் நானும் பதிலுக்குப் பிடித்திருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவர் தலையை ஆட்டினார். "சரிம்மா. எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது. நீங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதிகாரி காகிதத்தில் இரண்டு வரி எழுதினார். பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. எழுதி முடித்து, காகிதத்தை மேசைமேல் எங்கள் பக்கம் தள்ளினார். "விளக்கு எரிஞ்சதைப் பாத்தேன்னு நீங்களும் ஒரு கையெழுத்துப் போடணும்மா. அவருக்குப் பதிலா."

நெட்டையன் மனைவி பையைக் கீழே வைத்தார். பேனாவை வாங்கினார். வெடித்த விரலில் பேனா நிற்காமல் ஒரு தடவை நழுவியது. காகிதத்தை என் பக்கமாக நகர்த்தி, தாழ்ந்த குரலில் கேட்டார். "எந்த இடத்துலம்மா போடணும்?"

என்னிடம்தான் கேட்டார். இடத்தைக் காட்ட என் கை பாதிதூரம் போய்விட்டது.

"போடாதீங்க" என்றேன்.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பியை நான் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

"மேடம், நான் இப்ப சொன்னது பொய். கேமராமேல தப்பு இல்ல. இந்தப் படங்க கேமரா எடுத்ததே இல்ல. தத்தாம ஓடணும்னு நான் ஒரு பொத்தானை அமுக்கினேன். அது நடுவுல தானாப் படம் போட்டு நிரப்பிடுச்சு. அதுக்குக் காலை எங்க வைக்கிறதுன்னு தெரியல, அதான் கால் இல்ல. விளக்கும் அது போட்டதுதான்."

"அப்படின்னா?" என்றார் மேலாளர். அவர் குரல் மாறிவிட்டது.

"அப்படின்னா இது செல்லாதுன்னு அர்த்தம்" என்றேன். கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். என்மேல் இருந்த ஆத்திரத்தை யார்மேலாவது காட்ட வேண்டியிருந்தது.

கிடங்கில் கொடுத்த பழைய வீடியோவைத் திறந்து, என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இங்கே இரண்டு படம், அங்கே ஒன்பது படம். நடுவில் உள்ள ஏழையும் விரல்விட்டுக் காட்டினேன். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"அப்ப விளக்கு எப்ப எரிஞ்சது? இடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"தெரியாது மேடம். இதைப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது."

அதிகாரி மேசைக்குத் திரும்பி வந்து ஒரு தாளைத் தேடி எடுத்தார். தம்பியைப் பார்த்தார். "விளக்கைப் போட்டேன், நல்லா ஞாபகம் இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க."

அப்போதுதான் நான் அவனைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"முதல்ல ஞாபகம் இல்லன்னுதான் மேடம் எழுதினேன்" என்றான். "இதைப் பாத்துட்டு மாத்தி எழுதிக் கொடுத்தேன். பொய்யா எழுதல. திரும்பத் திரும்பப் பாத்தேனா, சுவிட்சைத் தட்டினது ஞாபகம் வந்துடுச்சு. கட்டைவிரல்ல அந்தச் சுவிட்சு பட்டதுகூட ஞாபகம் வந்துச்சு."

நெட்டையன் மனைவி பேனாவை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"இப்ப?" என்று அதிகாரி கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை.

"இப்பவும் ஞாபகம் இருக்கு மேடம்" என்றான் தம்பி. "ஆனா அது என்னோட ஞாபகமா, இந்தப் படத்தோட ஞாபகமான்னு தெரியல. போட்டேன்னு எழுதினதை அடிச்சிடுங்க."

அதிகாரி அந்த வரியை அடித்தார். விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம், உரிம அட்டையைக் கீழே அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள் என்றார். பிறகு மேலாளரிடம், அந்த விளக்கின் இணைப்பு கெட்டதைப் பற்றிய பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். மேலாளர் என்னை முறைத்துக்கொண்டே எழுந்து போனார். நெட்டையன் மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். திரையில் அந்தக் காலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

வெளியே தம்பி மனைவிக்கு விஷயம் தெரிந்ததும், "உங்க வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா அண்ணி?" என்றாள். "ஊரையெல்லாம் அதட்டுற வாய்தானே, சொந்தத் தம்பிக்காக ஒரே ஒரு நாள்." அதோடு படியிறங்கிப் போய்விட்டாள். எந்தப் பேச்சுக்கும் வாங்கின கையோடு திருப்பிக் கொடுக்கிறவள் நான். அவள் கேட்டதில் தப்பில்லை என்று தோன்றியதால் நின்றுகொண்டிருந்தேன்.

தம்பி உரிம அட்டையைக் கொடுத்துவிட்டு வந்து, வெளிப்படியில் உட்கார்ந்தான். கிடங்குக்குள் இன்னொருவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சத்தம் கேட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"என் பக்கம் பேசுவேன்னு நெனச்சேன்க்கா" என்றான்.

"முதல்ல அதைத்தாண்டா பண்ணினேன்."

"தெரியும். பாத்தேன்." கொஞ்ச நேரம் தன் வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தம்மா கையெழுத்துப் போட்டிருந்தா நான் சாகுற வரைக்கும் போட்டேன்னுதான் நம்பிட்டு இருந்திருப்பேன், இல்ல?"

"ஆமாடா."

"நிம்மதியா இருந்திருப்பேன்."

அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

"உண்மையைச் சொல்லு. நான் போட்டிருப்பேனாக்கா?"

"தெரியலடா."

தலையை ஆட்டினான். சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, திறந்து, என் மடியில் வைத்தான். திரையில் அந்த வீடியோ நின்றுகொண்டிருந்தது, நீல விளக்கு எரிகிற இடத்தில்.

"அழிச்சிடு" என்றான். "எங்கிட்ட இருந்தா திரும்பவும் போட்டுப் பாத்துடுவேன். பாத்தா நம்பிடுவேன்."

நான் அழிக்கும்போது அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.